எல்லை கண்ட மருத்துவர்

மருத்துவர்களுள் மருந்து கண்டு புகழ்பெற்றோர் உளர். கருவி கண்டு புகழ்பெற்றோரும் உளர். ஒரு நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்நோய் எங்கே உண்டு, எங்கே இல்லை என்னும் எளிய வினாவொன்றைப் பல நூறு பேரிடம் கேட்டு, அதனாலேயே உலகறிந்தவர் டெனிஸ் பார்சன்ஸ் பர்க்கிட். இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுவே, குழந்தைகளின் தாடையைப் பற்றிச் சில மாதங்களுள் உயிரைக் கவர்ந்துவந்த கொடிய புற்றுநோய் ஒன்றினை இனங்கண்டு, அதன் எல்லையை வரைந்து, அது மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் காட்டியவர் இவர். அந்நோய் இன்று இவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

பர்க்கிட் 1911-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள், அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள என்னிஸ்கில்லன் என்னும் ஊரில் பிறந்தார். இவர் தந்தையார் ஜேம்ஸ் பர்க்கிட், அம்மாவட்டத்தின் சாலைகளையும் பாலங்களையும் மேற்பார்க்கும் பொறியாளர். அலுவல் ஒழிந்த வேளைகளில் அவர் மனம் பறவைகளிடத்தே சென்றது. தம் தோட்டத்திற்கு வரும் ராபின் என்னும் செம்மார்புச் சிறுபறவைகளைப் பிடித்து, ஒவ்வொன்றின் காலிலும் ஒவ்வொரு வடிவான சிறு வளையத்தை மாட்டிப் பறக்கவிடுவார். பின்னர், எப்பறவை எவ்விடத்தில் வாழ்கின்றது, எந்த எல்லைக்குள் பிறிதொரு பறவையைப் புகவிடாமல் காக்கின்றது என்பதை நாள்தோறும் கண்டு, நிலப்படத்தில் குறித்து வைப்பார். பறவைநூல் வல்லார் இன்றும் அவரை மதிப்புடன் நினைவுகூர்கின்றனர். தந்தை பறவைக்கு எல்லை குறித்த அப்பழக்கம், பின்னாளில் மைந்தருக்கு நோயின் எல்லையைக் குறிக்கக் கைகொடுத்தது போலும்!

பதினோராம் வயதில் பர்க்கிட்டுக்கு ஒரு துன்பம் நேர்ந்தது. சிறுவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்து ஆடுகையில், ஒரு கல் இவருடைய மூக்குக்கண்ணாடியில் பட்டு உடைந்தது. கண்ணாடிச் சில் வலக்கண்ணிற் பாய்ந்தது. மருத்துவர் அக்கண்ணையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஒற்றைக் கண்ணோடேயே இவர் படித்தார், அறுவை செய்தார், வண்டி ஓட்டினார், ஆயிரக்கணக்கான நிழற்படங்களும் எடுத்தார்.

1929-ஆம் ஆண்டு டப்ளின் நகரத்து டிரினிட்டிக் கல்லூரியிற் சேர்ந்தபோது, இவர் தந்தையாரைப் போன்று பொறியியல் பயிலவே எண்ணியிருந்தார். அங்கே இறைப்பற்று மிக்க மாணவர் சிலரோடு பழக்கம் ஏற்பட்டது. பிறர் துயர் துடைக்கும் பணியே தமக்கு உரியதென்னும் எண்ணம் வலுப்பெற, பொறியியலை விடுத்து மருத்துவம் பயிலலானார். 1935-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1938-இல் எடின்பரோவில் அறுவை மருத்துவத்தில் உயர்பட்டமும் பெற்றார். அந்நாளில் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளில் மருத்துவப் பணி புரிய இவர் விண்ணப்பித்தார். ஒரு கண் இல்லாதவர் என்ற காரணத்தால் அவ்விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. பின்னர் உலகப் போர் மூண்டது. போர்க்காலத்தில் கண்ணை எண்ணிப் பார்ப்போர் குறைவு! இவர் படை மருத்துவராக ஏற்கப்பெற்றுக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். 1943-இல் செவிலியரான ஆலிவ் அம்மையாரை மணந்தார். போர் முடிந்தபின், 1946-இல், முன்னர் மறுக்கப்பட்ட அப்பணியே கிட்டியது. உகாண்டா நாட்டின் அரசு மருத்துவராக இவர் அமர்ந்தார்.

முதலில் இவருக்கு வாய்த்த இடம் அந்நாட்டின் வடபகுதியிலுள்ள லீரா என்னும் சிற்றூர். மாவட்டம் முழுமைக்கும் அறுவை மருத்துவம் இவர் ஒருவரையே சார்ந்திருந்தது. அங்கே இவர் ஒன்றைக் கவனித்தார். யானைக்கால் நோயைத் தோற்றுவிக்கும் புழுவினால் ஆடவர்க்கு உண்டாகும் நீர்வீக்கம், மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் மிகுதியாகவும் மேற்குப் பகுதியில் அருகியும் காணப்பட்டது. வேறொருவராயின் வந்தவர்க்கு அறுவை செய்து அனுப்பிவிட்டு அமைந்திருப்பர். பர்க்கிட்டோ ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்து, அவ்வேறுபாட்டை நிலப்படத்திற் குறித்து, 1951-இல் ஒரு கட்டுரையாகவும் வெளியிட்டார். அக்கட்டுரையைப் பெரிதாக எவரும் பேசவில்லை. ஆயினும் இவர் பிற்காலத்தில் செய்த பெருஞ்செயலுக்கு அதுவே ஒத்திகை எனலாம்.

1948-இல் இவர் தலைநகர் கம்பாலாவிலுள்ள முலாகோ மருத்துவமனைக்கு மாற்றப்பெற்றார். அங்கே ஒன்பது ஆண்டுகள் அறுவைப் பணியிலேயே கழிந்தன.

1957-ஆம் ஆண்டு ஒருநாள், அம்மருத்துவமனையின் மூத்த மருத்துவர் ஹியூ டிரோவெல், குழந்தை ஒன்றைப் பார்க்க வருமாறு பர்க்கிட்டை அழைத்தார். நோயாளி ஐந்து வயதுச் சிறுவன். மேல்தாடையின் இருபுறமும் கீழ்த்தாடையின் இருபுறமும் ஆக நான்கு இடங்களில் வீக்கம். பற்கள் ஆட்டங்கண்டிருந்தன; முகம் உருத்திரிந்திருந்தது. கிருமியால் வந்த சீழ்க்கட்டியெனின் தாடையின் ஓரிடத்தில் தோன்றும். நான்கு இடத்தில் ஒருங்கே தோன்றுமா? புற்றுநோயெனினும் அஃது ஓரிடத்திற் பிறந்து பரவுவதன்றோ? மருத்துவ நூல்களில் இத்தகைய நோய் கூறப்படவில்லை. பர்க்கிட் அச்சிறுவனை நிழற்படம் எடுத்து வைத்துக்கொண்டார். செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

சில வாரங்கள் சென்றன. நீல ஆறு விக்டோரியா ஏரியை விட்டுப் புறப்படும் இடத்தில் உள்ளது ஜிஞ்சா என்னும் நகரம். அவ்வூர் மருத்துவமனையைப் பார்வையிடச் சென்றிருந்த பர்க்கிட், தற்செயலாகச் சாளரத்தின் வழியே வெளியே நோக்கினார். புல்தரையில் ஒரு தாய் தன் குழந்தையுடன் அமர்ந்திருந்தாள். அக்குழந்தையின் முகத்திலும் அதே வீக்கம்! விரைந்து வெளியே சென்று பார்த்தார். இக்குழந்தைக்கும் தாடையில் நான்கு இடத்திலும் கட்டிகள் இருந்தன. அவற்றோடு வயிற்றினுள்ளும் ஒரு பெருங்கட்டி கைக்குத் தென்பட்டது. ஒன்றைக் கண்டால் அது விந்தை. இரண்டைக் கண்டால் அதன் பின்னே ஏதோ ஒழுங்கு உண்டு என்று பர்க்கிட் கருதினார்.

முலாகோவுக்குத் திரும்பியதும் இவர் பழைய ஏடுகளைப் புரட்டலானார். நற்பேறாக, அங்கு நோயியற் பேராசிரியராயிருந்த ஜாக் டேவிஸ் புற்றுநோயாளர் பற்றிய குறிப்புகளை முறையாகத் தொகுத்து வைத்திருந்தார். அவற்றைப் பார்க்கப் பார்க்கப் பர்க்கிட்டுக்கு வியப்பு மிகுந்தது. தாடையில் கட்டியுடன் வந்து இறந்த குழந்தைகள் பலர்க்குச் சிறுநீரகத்திலும், கல்லீரலிலும், பெண் குழந்தைகளாயின் கருப்பையைச் சார்ந்த உறுப்புகளிலும் கட்டிகள் இருந்தன. தாடையில் ஒன்றும் இல்லாமல் வயிற்றில் மட்டும் கட்டி கண்டோரும் உளர். தாடையைப் பார்த்த மருத்துவர் அதற்கு ஒரு பெயர் இட்டிருந்தார்; கண்ணைப் பார்த்தவர் மற்றொரு பெயர் இட்டிருந்தார்; சிறுநீரகத்தைப் பார்த்தவர் வேறொரு பெயர் இட்டிருந்தார். உண்மையில் இவை அனைத்தும் ஒரே நோய். கட்டி தோன்றிய இடத்தைக் கொண்டு பெயர் சூட்டியதால், ஒரு நோய் பல நோயாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மிக அரியது போல் தோன்றிற்று. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதோ, அம்மருத்துவமனைக்குப் புற்றுநோயோடு வந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்நோய்க்கு ஆளானவரே என்பது விளங்கிற்று!

இந்நோய் புதிதாகத் தோன்றியதும் அன்று. கம்பாலாவில் 1897-இல் மெங்கோ மருத்துவமனையை நிறுவிய ஆல்பர்ட் குக் என்னும் சமயத்தொண்டர், தாடை வீங்கிய குழந்தைகளைத் தம் குறிப்பேடுகளில் பதிந்து வைத்திருந்தார். அரை நூற்றாண்டாகப் பலர் கண்முன் இருந்தும், ஒருவரும் அதனைத் தனி நோயாகக் காணவில்லை. அவரவரும் ஒன்றிரண்டு பேரையே கண்டமையால், தாம் கண்டது ஓர் அரிய நேர்ச்சி என்று எண்ணி வாளாவிருந்தனர்.

38 குழந்தைகளைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து, 1958-இல் பிரிட்டனின் அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் பர்க்கிட் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளையே இந்நோய் பற்றுகின்றதென்பதையும், அதன் போக்கையும் அதில் விளக்கியிருந்தார். அறிவுலகம் அதனைக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவிலிருந்து முலாகோவுக்கு வந்திருந்த கிரெகரி ஓகானர் என்னும் நோயியல் அறிஞர், அக்கட்டிகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, இது நிணநீர் உறுப்புகளின் உயிரணுக்களிலிருந்து பிறக்கும் புற்றுநோய் என்று காட்டினார். அதனால் இது நிணநீர்ப் புற்று என்னும் வகையில் அடங்கிற்று.

இதற்கிடையே தென்னாப்பிரிக்காவிலிருந்து முலாகோவுக்கு வந்த ஒரு புற்றுநோய் ஆராய்ச்சியாளர், தம் நாட்டில் இத்தகைய குழந்தைகளைக் கண்டதேயில்லை என்று கூறிச் சென்றார். மற்றையோர்க்கு அது கடந்து போகும் பேச்சு. பர்க்கிட்டின் உள்ளத்திலோ அச்சொல் ஆழப் பதிந்தது. உகாண்டாவில் உண்டு, தென்னாப்பிரிக்காவில் இல்லை. எனின், இடையே எங்கோ ஓரிடத்தில் இந்நோய் முடிந்தாக வேண்டும். அவ்விடம் எது? அதனைக் கண்டால் நோயின் காரணமும் புலப்படக்கூடுமன்றோ?

ஆராய்ச்சிக்கென்று அரசாங்கம் இவருக்கு முதலில் அளித்த தொகை 25 பவுன். இக்காலத்துப் பெரிய ஆராய்ச்சிக் கூடங்களின் செலவை அறிந்தோர் இத்தொகையைக் கேட்டால் நகைப்பர். பர்க்கிட் அதனைக் கொண்டு, நோயுற்ற குழந்தைகளின் படங்களோடு கூடிய துண்டறிக்கைகள் 1,200 அச்சிட்டார். ஆப்பிரிக்கா முழுவதிலுமுள்ள அரசு மருத்துவமனைகளுக்கும், சமயத்தொண்டர் நடத்தும் மருத்துவமனைகளுக்கும் அவற்றை அனுப்பி, இத்தகைய நோயாளரைக் கண்டதுண்டா என்று கேட்டார். நூற்றுக்கணக்கான விடைகள் வந்தன. தம் அறைச் சுவரில் ஆப்பிரிக்கப் படத்தை மாட்டி, கண்டதாக விடை வந்த இடந்தோறும் ஓர் ஊசியைக் குத்திவைத்தார். நாளடைவில் அவ்வூசிகள், கண்டத்தின் இடையில் கட்டிய கச்சை போன்று, மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை, நிலநடுக்கோட்டின் இருமருங்கும் ஓர் அகன்ற வளைவாக அமைந்தன. கிழக்குக் கரையோரமாக அக்கச்சையின் தலைப்பு மொசாம்பிக் வரை தெற்கே நீண்டு தொங்கியது.

கடிதங்கள் வழி கண்ட எல்லை போதாதென்று பர்க்கிட் கருதினார். எழுதாதவர் உளர், எழுதியவருள்ளும் கவனியாது எழுதியவர் உளர். நேரிற் சென்று காண்பதே முறையெனத் துணிந்தார். டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்னும் மருத்துவர் இருவர் உடன்வர இசைந்தனர். வில்லியம்ஸ் வண்டி பழுதுபார்ப்பதிலும் வல்லவர். அந்நாளைய ஆப்பிரிக்கச் சாலைகளில் அவ்வன்மை மருத்துவப் புலமைக்குச் சிறிதும் குறைந்ததன்று. 250 பவுனுக்கு வாங்கிய பழைய ஃபோர்டு வண்டி ஒன்றில், 1961-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7-ஆம் நாள் மூவரும் கம்பாலாவிலிருந்து புறப்பட்டனர். பின்னாளில் தான்சானியாவின் பகுதியான தாங்கனிக்கா, மலாவி எனப் பெயர்பெற்ற நியாசாலாந்து, ரொடீசியா, மொசாம்பிக் ஆகியவற்றைக் கடந்து தென்னாப்பிரிக்கா வரை சென்று மீண்டனர். பத்து வாரங்களில் அவர்கள் சென்ற தொலைவு 10,000 மைல். கண்ட மருத்துவமனைகள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை.

ஒவ்வோர் இடத்திலும் அவர்கள் செய்தது ஒன்றே. நிழற்படத் தொகுப்பை மருத்துவர் முன் விரித்து வைப்பர். இத்தகைய முகத்தை இங்கே கண்டதுண்டா என்று வினவுவர். உண்டென்றால் எந்த ஊர்க் குழந்தை என்று கேட்டுக் குறித்துக்கொள்வர். இல்லையென்றாலும் அதே கவனத்தோடு அதனையும் குறித்துக்கொள்வர். இல்லை என்னும் விடையை வீண் என்று எண்ணாமல், உண்டு என்னும் விடைக்கு நிகராக மதித்ததே அப்பயணத்தின் சிறப்பு. எல்லை என்பது அவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தானே உள்ளது!

பயணத்தின் முடிவில் ஓர் உண்மை தெளிந்தது. நோயின் எல்லை நாட்டெல்லையோடு ஒத்திருக்கவில்லை. குல எல்லையோடும் ஒத்திருக்கவில்லை. நிலத்தின் உயரத்தோடு ஒத்திருந்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைநாட்டில் இந்நோய் இல்லை. தெற்கே செல்லச் செல்ல அவ்வுயரம் குறைந்துகொண்டே வந்து, தென்கோடியில் ஏறத்தாழ 1,000 அடியாயிற்று. உயரம் எவ்வாறு நோயைத் தடுக்கும்? எண்டெபியிலுள்ள வைரஸ் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர் அலெக்சாண்டர் ஹாடோ இப்புதிருக்கு விடை கூறினார். தடுப்பது உயரம் அன்று, குளிர் என்றார் அவர். ஆண்டின் குளிர்ந்த திங்களிலும் வெப்பம் 60 பாகை பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காத இடங்களில்தான் நோய் காணப்பட்டது. ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் குறைவாக மழை பெய்யும் வறண்ட நிலங்களிலும் அது காணப்படவில்லை. வெப்பமும் ஈரமும் வேண்டுவது எது? கொசு! மலைநாட்டிலிருந்து தாழ்நிலத்தில் வந்து குடியேறியோர்க்கு, அவ்விடத்துப் பிள்ளைகளுக்கு வரும் வயதைவிட முதிர்ந்த வயதில் இந்நோய் வந்ததும் கண்டறியப்பட்டது. எனவே, இது குருதிவழி வரும் குடிநோய் அன்று. இடத்தைப் பற்றி வரும் நோய் என்பது உறுதியாயிற்று. கொசுவினால் பரவும் ஏதோ ஒரு வைரஸ் இதற்குக் காரணமாகலாம் என்று பர்க்கிட் ஊகித்தார்.

இந்த ஊகத்தின் வரலாறு சுவையானது. நீண்ட பயணத்திற்குச் சில மாதங்கள் முன்னர், 1961 மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள், இலண்டன் நகரின் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பர்க்கிட் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அவையில் அமர்ந்திருந்த அந்தோனி எப்ஸ்டீன் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், கோழிகளுக்குப் புற்று விளைக்கும் வைரஸைப் பற்றி ஆராய்ந்துவந்தவர். சொற்பொழிவு முடியுமுன்னரே, மனிதர்க்குப் புற்று விளைக்கும் வைரஸ் இருக்குமாயின் அஃது இந்நோயில்தான் அகப்படும் என்று அவர் உள்ளம் கூறிற்று. அன்றே இருவரும் உடன்பாடு கண்டனர். கம்பாலாவில் அறுத்தெடுத்த கட்டித் துணுக்குகள் விமானத்தின் வழியே இலண்டனுக்குச் சென்றுகொண்டிருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எப்ஸ்டீன் முயன்றும் ஒன்றும் புலப்படவில்லை. 1963 டிசம்பரில் ஒருநாள், இலண்டனில் மூடுபனி மண்டியதால் விமானம் மான்செஸ்டர் நகருக்குத் திருப்பப்பட்டது. காலந்தாழ்ந்து வந்த துணுக்கு, கலங்கிய நீரில் மிதந்தது. கெட்டுவிட்டதென்று எறியத்தக்க நிலை. எறியாமல் நோக்கியபோது, அக்கலங்கலுக்குக் காரணம் கிருமிகள் அல்ல, கட்டியிலிருந்து உதிர்ந்த உயிரணுக்களே என்றும், அவை உயிரோடு உள்ளன என்றும் தெரிந்தது. அவ்வணுக்களை அவரும் இவோன் பார் என்னும் அம்மையாரும் வளர்த்தெடுத்தனர். 1964-இல் மின்னணு நுண்ணோக்கியின்கீழ் அவற்றினுள் ஒரு புதிய வைரஸ் காணப்பட்டது. எப்ஸ்டீன், பார் என்னும் இருவர் பெயரும் அதற்கு இடப்பெற்றன. மனிதரின் புற்றுநோயில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வைரஸ் இதுவே.

எனினும் பர்க்கிட்டின் ஊகம் முற்றும் சரியாகிவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். இவ்வைரஸைக் கொசு பரப்புவதில்லை. அது உமிழ்நீர் வழியாகப் பரவுவது. உலகமாந்தருள் பத்தில் ஒன்பது பேரிடம் தீங்கின்றித் தங்கியிருப்பது. அங்ஙனமாயின் வெப்பமும் மழையும் எதனைக் காட்டின? அவை மலேரியாக் காய்ச்சலைக் காட்டின. கொசு கொணர்வது மலேரியாவை. இடைவிடாது மலேரியாவுக்கு ஆளாகும் குழந்தையின் உடற்காப்பு ஆற்றல் குலைகின்றது. அந்நிலையில் உள்ளே உறங்கும் வைரஸ் தீங்கு புரியத் தலைப்படுகின்றது. மலேரியாவை ஒடுக்கிய சான்சிபார்த் தீவில் இந்நோய் அருகியிருந்ததும், ஆப்பிரிக்காவுக்கு வெகுதொலைவிலுள்ள நியூகினித் தீவின் மலேரியா மிகுந்த தாழ்நிலங்களில் இந்நோய் காணப்பட்டதும் இதற்குச் சான்றாகும். பர்க்கிட் சுட்டிய கொசு மெய். அது சுமந்து வந்த பொருளே வேறு.

காரணம் காண்பது ஒருபுறம் இருக்க, கண்முன் கிடக்கும் குழந்தைக்கு என்செய்வது? தொடக்கத்தில் பர்க்கிட் அறுவை மருத்துவர் என்னும் முறையில் கத்தியையே நம்பினார். தாடையை அறுத்துக் கட்டியை அகற்றியும் பயனில்லை. காயம் ஆறுமுன் கட்டி மீண்டும் வளர்ந்தது. மனிதரைப் பற்றும் புற்றுகளுள் இதனைப் போல் விரைந்து வளர்வது பிறிதில்லை. ஓரிரு நாளில் இருமடங்காகும் இயல்புடையது. குழந்தையின் முகத்தைச் சிதைத்தும் உயிரைக் காக்க முடியாத அறுவையைத் தாமே செய்ய நேர்ந்த துன்பத்தை இவர் நன்கறிவார். கதிர்வீச்சு மருத்துவத்திற்குரிய கருவி அந்நாளில் உகாண்டாவில் இல்லை. எஞ்சியது மருந்து ஒன்றே. புற்றுநோய்க்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் முயற்சி அமெரிக்காவில் அப்போதுதான் வளர்ந்துவந்தது. நியூயார்க்கு நகரத்து அறிஞர் சிலர் முன்வந்து உதவ, மெதோட்ரெக்சேட் என்னும் மருந்தும், பின்னர்ச் சைக்ளோபாஸ்பமைடு, வின்கிறிஸ்டின் முதலியனவும் முலாகோவில் கொடுத்துப் பார்க்கப்பட்டன.

அக்காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் கொடுத்த அளவை நோக்க, பர்க்கிட் கொடுத்த அளவு மிகச் சிறிது. அருகிருந்து காக்கச் செவிலியர் போதாமையும், குழந்தையுடன் வந்த தாய் வீட்டையும் வயலையும் விட்டு நெடுநாள் தங்க இயலாமையும் இதற்குக் காரணங்கள். ஆயினும் விளைவு எவரும் எதிர்பாராதது. சில நாட்களிலேயே கட்டிகள் கரைந்தன. மூடிய கண் திறந்தது. பிதுங்கிய தாடை அடங்கியது. உருத்திரிந்த முகம் மறைந்து, பழைய முகத்தைத் தாய் மீண்டும் கண்டாள். சிலர்க்கு ஓரிரு முறை கொடுத்த மருந்தே போதுமானதாயிற்று. ஆண்டுகள் பல கழிந்தும் அவர்களுக்கு நோய் திரும்பவில்லை. புற்றுநோய்க்கு மருந்தினால் தற்காலிகத் தணிவேயன்றி முழு நலம் இல்லை என்று பெரும்பாலோர் எண்ணியிருந்த காலம் அது. முலாகோவின் குழந்தைகள் அவ்வெண்ணத்தை அசைத்தனர்.

எல்லாக் குழந்தைகளும் பிழைத்தனர் என்று கொள்ளுதல் தவறு. பலர்க்கு நோய் மீண்டது. சிலர்க்கு அது மூளையைச் சூழ்ந்த உறைகளிற் பரவிற்று. கட்டி மிக விரைவாகக் கரைவதால் அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்து உயிருக்கு ஊறு செய்வதும் உண்டு. மருந்துக்கு முன்னும் பின்னும் நிரம்ப நீர் செலுத்தி இதனைத் தடுக்கலாம் என்பதைப் பின்வந்த மருத்துவர்கள் கற்றனர். 1967-இல் முலாகோவில் இந்நோய்க்கெனவே ஒரு சிகிச்சை நிலையம் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் துணையோடு திறக்கப்பட்டது. அதுவே வளர்ந்து உகாண்டாப் புற்றுநோய்க் கழகம் எனப் பெயர்பெற்றது. இந்நோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இன்றைய முறையால், வசதி மிக்க நாடுகளில் நோயுற்ற குழந்தைகளுட் பெரும்பாலோர் முழு நலம் பெறுகின்றனர். ஆப்பிரிக்காவிலோ, குழந்தை மருத்துவமனைக்கு வந்துசேரும் நாளும், மருந்து தடையின்றிக் கிடைப்பதுமே இன்னும் உயிரை முடிவு செய்கின்றன.

பர்க்கிட் நுண்ணோக்கி வல்லுநர் அல்லர். வைரஸ் நூல் கற்றவரும் அல்லர். தம்மிடம் இல்லாத புலமையை உடையோரைத் தேடிச் சென்று, தாம் கண்டதை அவர் கையில் ஒப்படைக்க இவர் தயங்கியதில்லை. டேவிஸின் ஏடு, ஓகானரின் நுண்ணோக்கி, ஹாடோவின் வானிலைக் கணக்கு, எப்ஸ்டீனின் கூடம் ஆகிய எல்லாவற்றிற்கும் நடுவே ஊர் ஊராக விடை கேட்டுத் திரிந்த ஒருவர் இருந்தார். அவர் இல்லையேல் மற்றவை ஒன்றையொன்று அறிந்திரா.

1966-இல் பர்க்கிட் குடும்பத்துடன் இங்கிலாந்து திரும்பினார். அதன்பின் இவர் கருத்து உணவின்பாற் சென்றது. தவிடு நீக்காத தானியமும் காய்கறியும் உண்ணும் ஆப்பிரிக்க மக்களிடையே அரிதாயுள்ள குடல்நோய்கள், தீட்டிய மாவை உண்ணும் மேலை நாட்டினரிடையே மலிந்திருப்பதைச் சுட்டி, உணவில் நார்ப்பொருள் வேண்டுமென்பதைப் பல நாடுகளிலும் எடுத்துரைத்தார். இதற்கும் இவர் கையாண்டது எங்கே உண்டு, எங்கே இல்லை என்னும் அதே வினாதான். 1979-இல் இதுபற்றி இவர் எழுதிய நூல் பலராலும் படிக்கப்பெற்றது. இவ்வூகங்களுள் சில நிலைபெற்றன; சில பின்னர் ஐயத்துக்கு உள்ளாயின. 1972-இல் இலண்டன் அரச கழகம் இவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. அவ்வாண்டிலேயே, மருந்தினால் புற்றுநோய்க்கு நலங்கண்ட அறிஞர் பலரோடு சேர்த்து இவருக்கும் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு வழங்கப்பெற்றது.

1993-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், எண்பத்திரண்டு ஆண்டுகள் நிரம்பிய பர்க்கிட் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் இயற்கை எய்தினார்.